பேக்பிளேட்–விங்குக்கு மாறும்போது: ஈயக் கணக்கும் பட்டை அளவும்

ஸ்கூபா டைவிங்கில் ஜாக்கெட் பிசிடியை (சிலிண்டரைத் தாங்கி, காற்றேற்றி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலாடை) விட்டு பேக்பிளேட்–விங்குக்கு மாறுகிறவர்கள் முதல் சில டைவ்களில் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். "மேலே வந்து மிதக்கும்போது முகத்தைக் குப்புறத் தள்ளுது." "தோளை அறுக்குது." "படகுகிட்ட கழற்றவே முடியல." "சிலிண்டர் வால்வு தலையில இடிக்குது." இவற்றில் ஒன்றும் பிளேட்டின் குற்றமல்ல. மூழ்குவதற்காக ஜாக்கெட்டோடு கட்டிய ஈயத்தை அப்படியே கட்டிக்கொண்டு இறங்கியதும், பட்டையை உடம்புக்கு அளந்து வைக்காமல் விட்டதும்தான் காரணம். இரண்டையும் கடலுக்குப் போகும் முன்பே வீட்டிலும் நீச்சல்குளத்திலும் சரிசெய்துவிட முடியும். அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

பொருள் மிக எளிது. முதுகில் ஓர் உலோகத் தகடு. அதில் கோத்த 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே நீளப் பட்டை. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றுப் பை, அதுதான் விங். வட புளோரிடாவின் வெள்ளம் நிறைந்த குகைகளுக்குள் இரட்டைச் சிலிண்டரோடு போனவர்கள் உருவாக்கிய அமைப்பு இது. உடையக்கூடிய பிளாஸ்டிக் கொக்கி இல்லை, தண்ணீர் குடித்து மிதக்கும் பஞ்சு இல்லை, நெஞ்சுப் பக்கம் காற்று இல்லை. தகட்டின் நடுவிலுள்ள இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையே 11 அங்குலம், அதாவது ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். இந்த அளவைத்தான் எல்லா நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. அதனால் ஒருவரது பிளேட்டில் இன்னொருவரது விங் பொருந்தும். மட்டக்களப்புக்கு அருகே 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்துக்குத் தேவையான பயிற்சியை ஒருவர் பின்னாளில் முடித்தால், இன்று ஒற்றைச் சிலிண்டருக்கு வாங்கிய அதே பிளேட்டில் இரட்டைச் சிலிண்டரைப் பூட்டலாம். விங் மட்டும்தான் மாறும்.

எஃகா, அலுமினியமா

3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஏறக்குறைய 2.7 கிலோ இருக்கும். அலுமினியத் தகடு 0.9 கிலோ அளவுக்குத்தான் வரும். கடல்நீருக்குள் எஃகு சுமார் 2.3 கிலோ கீழே இழுக்கும், அலுமினியம் அரைக் கிலோ. நிறுவனத்துக்கு நிறுவனம் எடை மாறுவதால், வாங்கிய தகட்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த எண்தான் அடிப்படை.

புதுச்சேரி, அந்தமான், திருகோணமலைப் பக்கம் டைவ் மையங்களில் கிடைப்பது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர். தண்ணீர் சூடானது, 3 மில்லிமீட்டர் வெட்சூட் (ரப்பர் நுரை உடை) போதும். பலர் அதுகூட இல்லாமல் ரேஷ் கார்டோடு (மெல்லிய நீச்சல் மேல்சட்டை) இறங்குகிறார்கள். 3 மில்லிமீட்டர் முழு சூட்டும் அலுமினியச் சிலிண்டரும் என்றால் எஃகுத் தகடு பொருத்தமானது. ரேஷ் கார்டோடு மட்டும் இறங்குபவருக்கும், இயல்பாகவே நன்றாக மூழ்கும் ஒல்லியான உடம்புக்கும் அலுமினியமே மேல். என் அளவுகோல் இது: ஜாக்கெட்டில், சரியாகச் சோதித்துப் பார்த்த பிறகும் 4 கிலோவுக்குக் குறைவான ஈயமே தேவைப்படுகிறதென்றால் எஃகு வேண்டாம். எஃகுத் தகட்டைத் தண்ணீருக்குள் கழற்றி எறிய முடியாது, ஈயத்தை எறியலாம். எஃகுச் சிலிண்டர் கிடைக்கும் இடங்களுக்குப் போகிறவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பல எஃகுச் சிலிண்டர்கள் காலியான பிறகும் மிதப்பதில்லை. அதோடு எஃகுத் தகடும் சேர்ந்தால், மெல்லிய சூட் போட்டவர் ஈயமே இல்லாமலும் அதிக எடையோடு இருப்பார்.

ஈயக் கணக்கு

ஓர் உதாரணம். 3 மில்லிமீட்டர் சூட், அலுமினியச் சிலிண்டர், ஜாக்கெட், 6 கிலோ ஈயம். ஜாக்கெட்டின் பஞ்சும் துணியும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகும் ஒரு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். அதைச் சமன்செய்யவே ஒரு கிலோ ஈயம் சும்மா கிடந்தது. இப்போது அந்தத் தூக்கல் போய்விட்டது. தகடு 2.3 கிலோ கீழே இழுக்கிறது. டி-ரிங் (D வடிவ உலோக வளையம்), பக்கிள், சிலிண்டரைக் கட்டும் பட்டையான கேம் பேண்டின் கொக்கிகள் எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம். மொத்தத்தில் மூன்றரை கிலோ ஈயம் தேவையற்றதாகிவிடும். 6 கிலோ கட்டியவர் 3 கிலோவோடு நீச்சல்குளத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கலாம். அதே 6 கிலோவோடு இறங்கினால், அந்த மூன்றரை கிலோவைத் தூக்க விங்கில் எப்போதும் மூன்றரை லிட்டர் காற்று வேண்டும். ஆழம் மாறும்போதெல்லாம் அந்தக் காற்று விரிந்து சுருங்கி அலைக்கழிக்கும். "விங் நிலையாகவே இல்லை" என்ற புகார் வருவது இங்கிருந்துதான்.

சரியான சோதனை டைவின் முடிவில்தான். சிலிண்டரில் 50 பார் அழுத்தம், ஆழம் 5 மீட்டர், விங் முழுக்கக் காலி. இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு அங்கேயே நிற்க முடிந்தால் ஈயம் சரி. நிற்பதற்கு விங்கில் காற்று சேர்க்க வேண்டியிருந்தால் ஈயம் அதிகம். மூச்சை வெளியே விட்டும் மேலே போய்க்கொண்டிருந்தால் குறைவு. அரைக் கிலோ, அரைக் கிலோவாக மாற்ற வேண்டும்.

டைவின் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால், நிரம்பிய சிலிண்டரோடு, விங்கைக் காலி செய்து, இயல்பான மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று பார்க்கலாம். தண்ணீர் மட்டம் கண் உயரத்தில் நின்றால், அதற்கு மேல் 2 கிலோ சேர்க்க வேண்டும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு அடைபடும் காற்றின் எடை ஏறக்குறைய 2.7 கிலோ; 50 பார் மிச்சம் வைத்தால் டைவில் செலவாவது 2 கிலோ. அந்த 2 கிலோ குறைந்த பிறகும் 5 மீட்டரில் நிற்க முடிய வேண்டுமே.

நீச்சல்குளத்தில் சோதித்தவர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் உபகரணமும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் 2.5 கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். குளத்துக் கணக்கை அப்படியே கடலுக்கு எடுத்துப்போய், கடைசி 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போய்விடுகிறவர்கள் உண்டு. இது அதிக எடையைவிட ஆபத்தானது. மேலே வரும் முன் அந்த ஆழத்தில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தையே இழக்க நேரும்.

மிஞ்சும் ஈயத்தை எங்கே வைப்பது? ஒன்று அல்லது இரண்டு கிலோவை இடுப்பிலோ கழற்றக்கூடிய பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும், அவசரத்தில் எறிவதற்கு. மீதியைக் கேம் பேண்டில் கோத்த பைகளில் போடலாம். தண்ணீருக்குள் கிடையாக மிதக்கும்போது கால் தாழ்ந்தால் அந்தப் பைகளை மேல் கேம் பேண்டுக்கு மாற்றலாம், அல்லது சிலிண்டரைச் சில சென்டிமீட்டர் தலைப்பக்கம் ஏற்றலாம். தலை தாழ்ந்தால் இதற்கு நேர்மாறு. ஒரு டைவில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

விங் எவ்வளவு பெரியது

பெரிய விங் பாதுகாப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டருக்கு அது தவறு. 30 மீட்டர் ஆழத்தில், டைவின் தொடக்கத்தில், 3 மில்லிமீட்டர் சூட் இழக்கும் மிதப்பு இரண்டு கிலோவுக்குள். இன்னும் செலவாகாத காற்றின் எடை 2.7 கிலோ. ஆக விங் தூக்க வேண்டியது ஐந்து கிலோகூட இல்லை. அடுத்த கணக்கு, ஆள் இல்லாமல் உபகரணம் மட்டும் தண்ணீரின் மேல் மிதக்க வேண்டும் என்பது. நிரம்பிய அலுமினியச் சிலிண்டர் 0.7 கிலோ, தகடு 2.3, ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) உலோகத் துண்டுகளும் ஒன்றரை, கேம் பேண்டில் இருக்கும் ஈயம் 2 என்று வைத்தாலும் ஆறரை கிலோ. மேலே மிதக்கும்போது தலையும் தோளும் வெளியே நிற்க நான்கைந்து கிலோ. எல்லாவற்றுக்கும் 13 கிலோ தூக்கும் விங் போதும். தடித்த சூட்டும் குளிர்நீரும் என்றால் 18 கிலோ வரை போகலாம்.

இரட்டைச் சிலிண்டருக்கான 25 கிலோ விங்கை ஒற்றைச் சிலிண்டரில் போட்டால் அதன் இரு ஓரங்களும் மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும். மடிப்பில் காற்று மாட்டிக்கொள்ளும், வெளியேற்ற நேரமாகும். வடிவத்தில் வளையமாக மூடிய டோனட் விங்கை ஒற்றைச் சிலிண்டருக்குப் பரிந்துரைக்கிறேன். கீழ்ப்பக்கம் வழியாகக் காற்று இடமிருந்து வலம் போய்வரும். குதிரைலாட வடிவத்தில் ஒரு பக்கத்துக் காற்று அங்கேயே தங்கும். உடம்பைச் சாய்த்துத்தான் அதை எடுக்க வேண்டும்.

பட்டை

நேரம் பிடிப்பது இந்த வேலைதான். ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். பட்டை மூன்றரையிலிருந்து நான்கு மீட்டர் நீளம் வேண்டும். புதுப் பட்டை விறைப்பாக இருக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் இடுக்குகளில் நுழைக்கச் சற்று இளகும். தகட்டின் நடுப் பள்ளம் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். பட்டையின் நடுவைக் கண்டுபிடித்து, மேலுள்ள இரு இடுக்குகளில் இரு முனைகளையும் செலுத்தி, இருபுறமும் சம நீளம் வரும்படி இழுக்க வேண்டும்.

கீழ் இடுக்கில் நுழைக்கும் முன்பே தோள் டி-ரிங்குகளை ட்ரைகிளைடோடு (பட்டையில் நழுவாமல் பிடிக்கும் இடுக்குள்ள துண்டு) பட்டையில் ஏற்றிவிட வேண்டும். இடது பக்கம் விங்குக்குக் காற்று விடும் இன்ஃப்ளேட்டர் குழாயைப் பிடித்துவைக்கும் சின்ன ரப்பர் வளையத்தையும் அப்போதே கோக்க வேண்டும். இதை மறந்தால் எல்லாவற்றையும் உருவி மறுபடி தொடங்க வேண்டியதுதான். பிறகு பட்டை அக்குள் பக்கமாக இறங்கி, கீழ் மூலையிலுள்ள இடுக்கு வழியே போய், அதே பட்டை இடுப்புப் பட்டையாக முன்னால் வருகிறது. இடுக்கருகே நழுவாமலிருக்க ஒரு ட்ரைகிளைடு. இடது இடுப்பில் ஒரு டி-ரிங். முன்னால் எஃகுப் பக்கிள். பக்கிளை வயிற்றின் நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கி வைத்தால், கவட்டுப் பட்டையின் (தகட்டின் அடியிலிருந்து கால்களுக்கு நடுவே முன்னால் வரும் பட்டை) வளையம் உரசி அது திறந்துவிடாது.

அளவெடுப்பது டைவுக்குப் போடும் சூட்டைப் போட்டுக்கொண்டுதான். டி-ஷர்ட்டோடு எடுத்த அளவு பயன்படாது. தகட்டின் மேல் விளிம்பு பிடரி எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். கையைத் தோளுக்கு மேலாகப் பின்னே கொண்டுபோனால் விரல்நுனி அந்த விளிம்பைத் தொட வேண்டும். தொட முடியாவிட்டால் தகடு மிகத் தாழ்வு. சிலிண்டர் வால்வும் கைக்கு எட்டாது. தோளின் மேல் வரும் பட்டைக்கும் காறையெலும்புக்கும் நடுவே மூன்று விரல் தட்டையாக, சிரமமில்லாமல் நுழைய வேண்டும்.

மாறுகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு தோளின் மேல் வரும் பட்டையை இறுக்கிவிடுவது. ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால்தான் ஆடாது. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. இதில் தோளின் மேல் வருவது பிடித்து நிறுத்தும் பட்டையல்ல. இடுப்புப் பட்டையும் கவட்டுப் பட்டையும்தான் தகட்டை முதுகோடு நிறுத்துகின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி: சிலிண்டர் இல்லாமல் மாட்டிக்கொண்டு, பக்கிளைத் திறந்து, யார் உதவியும் இல்லாமல் இரு கைகளையும் உருவிப் பாருங்கள். முழங்கை மாட்டினால் இருபுறமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தளர்த்தி மறுபடி பாருங்கள். "கழற்றவே முடியல" என்ற குறை இங்கேயே தீர்ந்துவிடும்.

தோள் டி-ரிங் காறையெலும்புக்குச் சற்றுக் கீழே. இரு கைகளாலும் இரண்டு ரிங்கையும் தொட முடிய வேண்டும். இடது இடுப்பு ரிங் கால்சட்டையின் பக்கத் தையலுக்குக் கொஞ்சம் முன்னால். பிரஷர் கேஜ் அதில்தான் மாட்டும், குனியாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்புப் பட்டை உறுதியாக இறுக வேண்டும். ஆழம் போகப்போக சூட் நசுங்கி அது தளரும். இறங்கிய பிறகு ஒருமுறை இழுத்துக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கவட்டுப் பட்டை நிமிர்ந்து நிற்கும்போது உறுத்தக் கூடாது; கிடையாக மிதக்கும்போது லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்வாக இருந்தால் விங்கில் காற்று ஏறியதும் தகடு முழுவதும் தலைப்பக்கம் நகரும். வால்வு பின்தலையில் இடிப்பது அதனால்தான். மிக இறுக்கமாக இருந்தால் இடுப்புப் பட்டையைக் கீழே இழுத்துவிடும்.

மிச்சப் பட்டையை உடனே வெட்டிவிடாதீர்கள். சில டைவ்களில் அளவு நிலைபெற்ற பிறகு, பக்கிளுக்கு அப்பால் 15–20 சென்டிமீட்டர் விட்டு, சாய்வாக வெட்டி, லைட்டரால் முனையை உருக்கி அடைக்க வேண்டும். தடித்த சூட்டுக்கு மாறினால் அந்த நீளம் தேவைப்படும்.

ஒரே பட்டை என்பதால் தோளில் திறக்கும் கொக்கி இல்லை. அதனால் பட்டையை வெட்டும் சிறு கருவி இடுப்பில் இருந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், பட்டையை எங்கே வெட்டுவது என்று கூட இறங்குபவருக்கும் படகில் இருப்பவருக்கும் முன்கூட்டிச் சொல்லிக் காட்டுவது. ஜாக்கெட்டையே பார்த்துப் பழகியவர் மயங்கிய ஆளின் தோளில் கொக்கியைத் தேடி நேரத்தை இழப்பார். இடுப்புப் பக்கிளைத் திறந்து, ஒரு தோளின் மேல் வரும் பட்டையை அறுத்தால் போதும்.

சிலிண்டர் கட்டுவதும் தண்ணீரில் நடந்துகொள்வதும்

பல விங்குகளில் கேம் பேண்ட் நேரடியாக நுழைய இடுக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் ஒற்றைச் சிலிண்டர் அடாப்டர் தேவை. போல்ட் ஐரோப்பியத் தயாரிப்புகளில் எம்8, அமெரிக்கத் தயாரிப்புகளில் 5/16 அங்குலம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மரை பொருந்தாது; கலந்து முறுக்கினால் மரை கெட்டுவிடும். நைலான் பேண்ட் நனைந்தால் நீளும் என்பதால், கட்டும் முன் நனைத்துவிட்டு இறுக்க வேண்டும். காய்ந்த பேண்டில் இறுக்கிய சிலிண்டர் குதித்த ஐந்து நிமிடத்தில் நழுவும். மேல் பேண்டைப் பிடித்துத் தூக்கி உலுக்கிப் பாருங்கள். சிலிண்டர் அசையக் கூடாது.

மேலே மிதக்கும்போது முகம் குப்புறத் தள்ளுவதற்குக் காரணம், விங்கை முட்ட நிரப்புவது. மிதப்பு முழுவதும் முதுகில் இருக்கிறது. தாடை வெளியே நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு, நாற்காலியில் சாய்வதுபோலப் பின்னால் சாய்ந்தால் நிலையாக இருக்கும். தேவையற்ற ஈயம் இல்லாதவருக்குக் கொஞ்சம் காற்றே போதும்.

காற்றை வெளியேற்றும் பழக்கமும் மாற வேண்டும். கிடையாக இருக்கும்போது இன்ஃப்ளேட்டரைத் தூக்கிப் பிடித்தால் காற்று வராது. விங்கின் உயரமான இடம் அப்போது பின்பக்கம். இடது கீழ்ப்பக்க டம்ப் வால்வின் கயிற்றை இழுத்து, இடுப்பைச் சற்று உயர்த்த வேண்டும். முதல் டைவுக்கு முன் அந்தக் கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பிடித்துப் பழகுங்கள். கூடவே, இன்ஃப்ளேட்டர் பொத்தான் சிக்கிக்கொண்டால் குழாயைப் பிடுங்குவதையும் பழக வேண்டும். சின்ன விங் சில நொடிகளில் நிரம்பிவிடும். உப்புப் படிந்த பொத்தானும் சர்வீஸ் செய்யாத வால்வும்தான் இதற்கு வழக்கமான காரணம்.

இந்த அமைப்போடு பலர் 2.1 மீட்டர் நீளக் குழாயும் கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் சேர்த்து வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். அதில் காற்றில்லாதவருக்கு வாயிலிருப்பதைக் கொடுத்துவிட்டு, கழுத்திலிருப்பதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட இறங்குபவருக்கு இது தெரியாமல் இருந்தால், பதற்றத்தில் கழுத்திலிருப்பதைப் பிடித்து இழுப்பார். முதலில் பட்டையும் ஈயமும் சரியாகட்டும். குழாய் அடுத்த மாதம்.

சிறு படகில் ஏறும் முன் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுப்பவர்கள், விங்கில் காற்று ஏற்றி, ஈயத்தை முதலில் மேலே கொடுத்து, பக்கிளைத் திறந்து, கவட்டுப் பட்டை விடுபட்டதை உறுதி செய்துவிட்டு இடது கையை முதலில் உருவ வேண்டும். ரெகுலேட்டர் குழாய் வலப்பக்கம் வருவதால் வலது கை கடைசி. கவட்டுப் பட்டையை மறந்துவிட்டு, மேலே இருப்பவர் சிலிண்டரைத் தூக்கும்போது சேர்ந்து தொங்குவது அடிக்கடி நடக்கிறது.

விமானத்தில் உள்நாட்டுப் பயணத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோவில் எஃகுத் தகடு கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்காகவே அலுமினியம் வாங்குபவர்கள் உண்டு. போகும் இடத்தில் ஈயம் இலவசமாகக் கிடைக்கும் என்பதால் அது நியாயமான முடிவு. ஆனால் இரண்டு தகடுகளுக்கும் ஈயக் கணக்கை இரண்டு தனி வரிகளாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் விங்கின் உள்ளே நன்னீர் விட்டு, குலுக்கி, இன்ஃப்ளேட்டர் வழியாகவும் டம்ப் வால்வு வழியாகவும் வடிக்க வேண்டும். உள்ளே தங்கும் கடல்நீர் காய்ந்து படியும் உப்புப் பரல் பையைத் துளைத்துவிடும். டம்ப் வால்வு பொருந்தி மூடும் இடத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் காற்று கசியும். மூடியைத் திருகித் திறந்து கழுவலாம், கையிறுக்கமாகவே மூட வேண்டும். பிறகு அதிக அழுத்த வால்வு காற்றை விடும்வரை விங்கை நிரப்பி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழ் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: வால்வு மூடிகள், இன்ஃப்ளேட்டர் குழாயைக் கட்டியிருக்கும் ஜிப் டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நசுங்கும் உள் விளிம்பு, இந்த வரிசையில்.